கோபான், 738: மாயர் காலப் படத்துக்குக் கலை அமைப்பது எப்படி

மத்திய அமெரிக்காவின் மாயர்களை வைத்துச் சாகசப் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் காடு தேடிப் போகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியவை ஊரும் ஆண்டும். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட நாகரிகம் அது. ஊருக்கு ஊர் கல் வேறு, பேச்சு வேறு; நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஆயுதம் வேறு. ஆண்டைச் சொல்லாமல் செட் போட ஆரம்பித்தால் எல்லாக் காலமும் ஒரே காட்சிக்குள் வந்து விழும்.

இங்கே எடுத்துக்கொள்வது இன்றைய ஹோண்டுராஸில் உள்ள கோபான், கி.பி. 738. அங்கே 695 முதல் ஆண்ட அரசன் உவாஷக்லஹூன் உபாஹ் கவீல். வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள குவிரிகுவாவின் தலைவன் காக் திலீவ் சான் யோபாட், அவனுக்குக் கீழே இருந்தவன். அந்த ஆண்டு அவனே தன் மேலரசனைச் சிறைப்பிடித்துத் தலையை வெட்டினான். மலைப்பாதை, துரோகம், துரத்தல் எல்லாம் வரலாற்றிலேயே இருக்கின்றன.

ஊரைக் கட்டுவது

இன்று காணும் கோபான் சாம்பல் நிறக் கல்லும் பாசியும். 738இல் அது ஆள் வாழ்ந்த ஊர். சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்புச் சாந்து பூசி, முக்கியக் கட்டடங்களுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். நிறத்துக்குச் சரியான ஆதாரம் ரோசலிலா. பிற்காலப் பிரமிடு ஒன்றுக்குள் இடிக்காமல் புதைத்த கோயில் அது. 1989இல் வெளிப்பட்டபோது சிவப்புச் சாந்து ஒட்டியபடியே இருந்தது. அதன் முழு அளவு மாதிரி கோபான் சிற்ப அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பாசியும் வேரும் செட்டில் வேண்டாம். வெள்ளைத் தரை நண்பகல் வெயிலில் கண்ணைப் பறிக்கும், நடிகர்களின் முகம் இருண்டு போகும். வெளிக்காட்சிகளைக் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபான் சிலைகளின் கல், பச்சை சாயல் கொண்ட எரிமலைச் சாம்பற்கல். குவிரிகுவாவில் செம்மணற்கல். இரண்டு ஊருக்கும் ஒரே பெயிண்டைக் கலக்காதீர்கள். கோபான் சிற்பிகள் கல்லை ஆழமாகக் குடைந்து, ஏறக்குறைய முழு உருவமாகவே செதுக்கினார்கள். பிளைவுட்டில் ஒட்டிய ஃபிளெக்ஸ் பிரிண்ட் அங்கே எடுபடாது. அடர்த்தியான தெர்மாகோலில் செதுக்கி, ஃபெவிகாலில் நனைத்த மல் துணியை இரண்டு அடுக்கு ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையும் பெயிண்டை அடியுங்கள். ஸ்பிரே பெயிண்டை நேராக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

எதைக் காட்டக்கூடாது என்பதும் ஆண்டிலிருந்தே வரும். கோபானின் புகழ்பெற்ற எழுத்துப் படிக்கட்டு முழு வடிவம் பெற்றது 755இல். பதினாறு அரசர்களும் வரிசையாக அமர்ந்திருக்கும் பலிபீடம் 776இல் வந்தது. இரண்டும் 738இல் இல்லை. பந்தாட்டக் களம் உண்டு, அதுவும் புத்தம் புதியது: அந்த ஆண்டு ஜனவரியில்தான் அரசன் அதைத் திறந்துவைத்தான். அங்கே சரிவான சுவர்கள், அவற்றின் மேல் பஞ்சவர்ணக்கிளித் தலைகள். சுவரில் கல்வளையம் வைத்தால் அது யுகாதானில் உள்ள பிற்கால மாயர் ஊரான சிச்சென் இட்சாவாகிவிடும், காலமும் பிந்திவிடும். திட ரப்பர் பந்தை இடுப்பால் அடிப்பார்கள். இன்று மெக்சிகோவில் ஆடும் இடுப்புப் பந்தாட்டத்தின் பந்தே மூன்று, நான்கு கிலோ தேறும். உடலில் படும் ஷாட்டுகளுக்கு ரப்பர்ப் பால் பூசிய ஃபோம் பந்தும், துள்ளும் ஷாட்டுக்கு மட்டும் கனமான பந்துமாக இரண்டு செய்துவையுங்கள்.

உள்ளறைகளின் கூரை, இரு பக்கக் கற்களும் படிப்படியாக முன்னே நீண்டு உச்சியில் சேரும் அமைப்பு. அதனால் அறை குறுகலாகத்தான் இருக்கும். கேமராவுக்காக அகலத்தைக் கூட்டினால் அறையின் இயல்பே போய்விடும். ஒரு பக்கச் சுவரைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள்.

தேதிக்கல்

கதையில் எழுத்துக்கல் வருமானால் அதில் உள்ள தேதி சரியாக இருக்க வேண்டும். இன்று இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. கணக்கும் கடினமில்லை.

வேண்டிய நாளின் ஜூலியன் நாள் எண்ணை (வானியலார் நாட்களை இடைவெளியின்றி எண்ணும் தொடர் எண்) எடுத்து, 584283ஐக் கழியுங்கள்; இது மாயர் நாட்கணக்கு தொடங்கும் நாளின் எண். 738 மே 1க்கு (கிரிகோரியன் முறைப்படி) அந்த எண் 1990729, கழித்தால் 1406446. இதை 144000ஆல் வகுக்க 9 பக்தூன், மீதி 110446. அதை 7200ஆல் வகுக்க 15 கதூன், மீதி 2446. 360ஆல் வகுக்க 6 தூன், மீதி 286. 20ஆல் வகுக்க 14 வினால், மீதி 6 கின். பக்தூன் முதல் கின் வரை பெரியதிலிருந்து சிறியதாக வரும் மாயர் கால அலகுகள் இவை; கின் என்பது ஒரு நாள். ஆக 9.15.6.14.6. அரசன் வெட்டப்பட்ட நாள் இதுதான்.

அடுத்து மாயர்களின் 260 நாள் சடங்கு வட்டம். மொத்த நாட்களோடு (1406446) 4 கூட்டி 13ஆல் வகுத்தால் மீதி 6 (மீதி பூஜ்யம் வந்தால் 13 என்று கொள்ள வேண்டும்). மொத்த நாட்களை 20ஆல் வகுத்தாலும் மீதி 6; இருபது நாட்பெயர்களை முதலாவதான இமிஷ் முதல் எண்ணினால் ஆறாவது பெயர் சிமி. எனவே 6 சிமி. 365 நாள் வட்டத்துக்கு மொத்த நாட்களோடு 348 கூட்டி 365ஆல் வகுக்க மீதி 84; மாதத்துக்கு 20 நாள் என்பதால் அது ஐந்தாம் மாதமான ட்செக், 4ஆம் எண். சில நூல்கள் இதே நாளை மே 3 என்று போடும். அவை 584285ஐக் கழிக்கின்றன. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் முழுக்க மாறாமல் பயன்படுத்துங்கள்.

செதுக்கும்போது புள்ளி ஒன்று, கோடு ஐந்து. எண், எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும்போது கோடுகள் செங்குத்தாகவும் புள்ளிகள் அவற்றுக்கும் இடப்புறமாகவும் வரும். ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ மட்டும் வரும் இடத்தில் சிற்பிகள் வெற்றிடத்தைப் பிறை வடிவால் நிரப்பினார்கள். படத்தைப் பார்த்து நகலெடுக்கும் உதவியாளர் அந்தப் பிறையையும் புள்ளியாகச் செதுக்குவார். 6 ஏழோ எட்டோ ஆகிவிடும். கல்லில் எழுத்துகள் இரண்டிரண்டு நிரலாக, இடமிருந்து வலம், பிறகு கீழே என்று படிக்கப்படும். உச்சியில் பெரிய தொடக்க எழுத்து ஒன்று கட்டாயம்.

மக்காச்சோளமும் கோகோவும்

உணவுக்காட்சியில் ரொட்டி அடுக்க வேண்டாம். இலையில் பொதிந்து வேகவைத்த மக்காச்சோள மாவுருண்டைதான் அந்தக் கால ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, உணவுத்தரச் சுண்ணாம்புத்தூள் 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர். எஃகுப் பாத்திரத்தில் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, தோல் கழன்று போகும்வரை கழுவி அரையுங்கள். அலுமினியப் பாத்திரம் சுண்ணாம்பில் அரித்துப் போகும். சுண்ணாம்பு கூடினால் மாவு கசந்து மஞ்சளாகும். போடாவிட்டால் தோல் கழலாது, மாவு பிடிபடாமல் உதிரும். அரைக்கும் கல்லுக்குச் சக்கரமோ கைப்பிடியோ கிடையாது. சரிவான கல், உருளை, மண்டியிட்ட பெண்.

கோகோ பானத்தில் நுரைதான் மரியாதை. வறுத்து நைசாக அரைத்த கோகோ கொட்டை விழுதை ஆறிய தண்ணீரில் கரைத்து, மிளகாயும் தேனும் சேர்த்து, நின்றபடி ஒரு குவளையிலிருந்து தரையில் உள்ள குவளைக்கு உயரத்திலிருந்து ஆற்ற வேண்டும். மரக்கடைகோலைக் கையில் உருட்டி நுரைப்பது ஸ்பானியர் வந்த பிறகு பரவிய வழக்கம். பாலும் சர்க்கரையும் கிடையாது. கடையில் விற்கும் கோகோ பவுடரில் கொழுப்பைப் பெரும்பாலும் எடுத்துவிடுவதால் அது அடியில் தங்கும். முழுக் கொட்டையை வாங்குங்கள்.

சண்டை, காடு, பேச்சு

உலோகம் இல்லை, குதிரை இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை. சுமையை நெற்றிப்பட்டையில் தூக்குவார்கள். வீரர்களின் கையில் கல்முனை ஈட்டி, கோடரி, சிறு கேடயம். வில்லும் அம்பும் பரவியது பின்னால். எதிரியைக் கொல்வதைவிட உயிரோடு பிடிப்பதே பெருமை. முடியைப் பிடித்து மடக்குவதை மெக்சிகோவில் உள்ள மாயர் ஊரான போனம்பாக்கின் சுவரோவியங்களில் பாருங்கள். அவர்கள் கத்தி செய்த எரிமலைக் கண்ணாடி நொறுங்கும் பொருள். கத்தியோடு கத்தி மோதவிடாதீர்கள், டப்பிங்கில் 'கிளாங்' சத்தமும் சேர்க்காதீர்கள். நடிகர் கையில் கறுப்பு ரெசின் நகல் மட்டும், விளிம்பை மழுக்கி.

பின்னணியில் வாழை, மா, கரும்பு, காப்பிச் செடி எதுவும் தெரியக்கூடாது. எல்லாம் பிறகு வந்தவை. இலவம்பஞ்சு மரம் மாயர்களுக்குப் புனித மரம், தாராளமாக வையுங்கள். பப்பாளி, மிளகாய், பூசணி, புகையிலை, வான்கோழி சரி, நாட்டுக்கோழி தவறு.

2006இல் வந்த 'அபோகலிப்டோ' யுகாதெக் மாய மொழியில் பேசியது. கோபானுக்கு அது பொருந்தாது. அந்த வட்டாரத்தின் வாழும் மொழி சோர்த்தி, கல்வெட்டு மொழிக்கும் நெருக்கமானது. அதே படத்தில் பகலில் சூரிய கிரகணம், அன்றிரவே முழுநிலா. கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்பதால் அது நடக்கவே முடியாது. உங்கள் கதையின் 738 மே 1 அன்று, அமாவாசை கழிந்து மூன்று, நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மாலையில் மெல்லிய வளர்பிறை, அதுவும் சீக்கிரம் மறையும். இரவுத் துரத்தலைத் தீப்பந்த வெளிச்சத்தில் திட்டமிடுங்கள்.