ரஷ்யாவின் பழைய நகரங்களுக்கு வழிகாட்டியுடன் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் செல்லும் தொழிலில் இருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் கோடை நெருங்கும்போது, முதன்முறையாகச் செல்பவர்களும், புதிதாகக் குழு சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் தங்கள் பயணத்திட்டத்தை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் தொடக்கக் காலத்தில் செய்த அதே தவறுகள் அந்தத் தாள்களில் மாறாமல் இருக்கின்றன. கடவுச்சீட்டின் காலாவதித் தேதி, கம்பளி உடை, பயணக் காப்பீடு போன்றவற்றை யாரும் நினைவூட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பணத்தையும் நாளையும் விழுங்கிவிட்டுத் திருப்பித் தராத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கிழமை பார்க்காமல் பயணத்திட்டத்தை ஒப்புக்கொள்வது

ரஷ்யாவின் பெரிய அருங்காட்சியகங்களும் அரண்மனைகளும் வாரத்தில் ஒரு நாள் மூடப்படும். அந்த நாள் இடத்துக்கு இடம் வேறுபடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்துக்கும் பீட்டர்ஹோஃப் பெரிய அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அந்நகரத்துக்குத் தெற்கே புஷ்கின் என்னும் ஊரில் உள்ள கேத்தரின் அரண்மனைக்கும், நகரின் நடுவே உள்ள ரஷ்ய அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாஸ்கோவில் கிரெம்ளின் வளாகம் வியாழக்கிழமை மூடப்படும். த்ரெத்யாக்கோவ் ஓவியக்கூடம் திங்கட்கிழமை திறக்காது. இவை போதாதென்று, பல நிறுவனங்கள் மாதத்தில் ஒரு நாளைத் துப்புரவு நாளாக ஒதுக்கி முழுவதுமாக மூடிவிடுகின்றன. பீட்டர்ஹோஃப் அரண்மனைக்கு மாதத்தின் கடைசிச் செவ்வாய், கேத்தரின் அரண்மனைக்குக் கடைசித் திங்கள் என்பது நெடுநாள் வழக்கம். பருவத்தைப் பொறுத்து இது மாறுவதும் உண்டு.

நம் ஊர்க் கோயிலுக்குப் புறப்படும் எவரும் நண்பகலில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்காமல் வண்டி ஏறுவதில்லை. அதே மனிதர்கள் பல லட்சம் ரூபாய் செலவழித்து ரஷ்யா செல்லும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்கத் தோன்றாததற்குக் காரணம் பயணத்திட்டத் தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்றுதான் அச்சாகியிருக்குமே தவிர, அது திங்களா செவ்வாயா என்பது எங்கும் இருக்காது. ஒருமுறை எழுதிய திட்டத்தை எல்லாப் புறப்பாட்டுத் தேதிகளுக்கும் பொருத்தி விற்கிறார்கள். விமானக் கட்டணம் எந்தக் கிழமையில் குறைவோ அந்தக் கிழமையில் குழு புறப்படுகிறது. அருங்காட்சியகங்களின் விடுமுறையை யாரும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

இந்த அலட்சியம் எவ்வளவு பெரிய இழப்பில் முடியும் என்பதை அரண்மனைச் சதுக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் நேரில் பார்த்தேன். என் குழுவுடன் அவ்வழியே நடந்து கொண்டிருந்தபோது, ஹெர்மிட்டேஜின் மூடிய வாயிலுக்கு முன்னால் வேறொரு நிறுவனம் அழைத்து வந்திருந்த தமிழ்க் குழு ஒன்று நின்றிருந்தது. அதில் இருந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு அருகில் வந்து, “தம்பி, இது எத்தனை மணிக்குத் திறப்பாங்க?” என்று கேட்டார். ரெம்பிராண்டின் ‘ஊதாரி மகனின் வருகை’ ஓவியத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே ஓய்வூதியத்திலிருந்து பணம் சேர்த்து வந்ததாகச் சொன்னார். இன்று முழுவதும் திறக்காது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். திங்கள் காலையில் ஹெர்மிட்டேஜ், மாலையில் பீட்டர்ஹோஃப் அரண்மனை. செவ்வாயன்று கேத்தரின் அரண்மனை. புதன் காலையில் மாஸ்கோவுக்கு ரயில், பிற்பகலில் செஞ்சதுக்கம். வியாழனன்று கிரெம்ளினும் அதன் ஆயுதசாலை அருங்காட்சியகமும். வெள்ளியன்று ஊருக்குத் திரும்ப விமானம். அந்தப் பயணத்தின் பெயரையே தாங்கி நின்ற நான்கு இடங்களும், அவை ஒவ்வொன்றும் மூடியிருக்கும் நாளிலேயே வைக்கப்பட்டிருந்தன. செவ்வாயன்று ஹெர்மிட்டேஜ் திறந்திருக்குமே, அன்று இங்கே வந்துவிட்டுக் கேத்தரின் அரண்மனையின் பூங்காவை வேறொரு நேரத்தில் பார்க்கலாமே என்று அவர்களுடைய ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். புஷ்கினுக்குப் பேருந்துக்கும் வழிகாட்டிக்கும் முன்பணம் கட்டியாகிவிட்டது, மாற்ற இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். தாளில் ‘பார்வையிடல்’ என்றுதான் எழுதியிருந்தது, ‘உள்ளே நுழைதல்’ என்று எழுதவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். அந்த ஆசிரியை சதுக்கத்தின் நடுவிலுள்ள அலெக்சாந்தர் தூணுக்கருகில் புகைப்படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. வானிலையோ போரோ வேலைநிறுத்தமோ இதற்குக் காரணமில்லை. நாட்காட்டியை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அந்த அம்மா தம் ஓவியத்துக்கு முன்னால் நின்றிருப்பார்.

தீர்வு கடினமானதல்ல. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே தேதியையும் கிழமையையும் உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்தத் தேதிக்கான நேரத்தைச் சரிபாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளே செல்வதற்கான நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதியை மாற்ற முடியாத நிலை வந்தாலும் நகரத்துக்குள் வரிசையை மாற்றிக்கொள்ள எப்போதும் இடமுண்டு.

திங்கட்கிழமையன்று பீட்டர்ஹோஃபின் அரண்மனை மூடியிருந்தாலும் கீழ்ப் பூங்காவும் அதன் நீரூற்றுகளும் திறந்தே இருக்கும். ரோப்ஷா மேட்டு நிலத்தின் ஊற்றுகளிலிருந்து கால்வாய்கள் வழியாக வரும் நீர், எந்த எந்திரமும் இல்லாமல் உயர வேறுபாட்டின் அழுத்தத்தால் மட்டுமே பீறிட்டெழுகிறது. அந்தப் பொறியியல் திறனை நின்று பார்க்கவே அரை நாள் தாராளமாகப் போகும். நீரூற்றுகள் ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மட்டுமே இயங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். திங்களன்று ரஷ்ய அருங்காட்சியகமும் திறந்திருக்கும். மாஸ்கோவில் வியாழக்கிழமை சிக்கிக்கொண்டால் அன்றைக்கு த்ரெத்யாக்கோவ் கூடத்துக்குச் சென்றுவிட்டு, 1935-இல் தொடங்கிய சுரங்க ரயிலின் பழைய நிலையங்களை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கலாம். 1938-இல் திறக்கப்பட்ட மயாக்கோவ்ஸ்காயா நிலையத்தின் கூரை மொசைக்குகளுக்காகவே அங்கே செல்லலாம். மாஸ்கோவில் மூன்று நாள் தங்குபவர் கிரெம்ளினை வேறு நாளுக்கு நகர்த்துவதில் எந்தத் தடையும் இல்லை. ஆயுதசாலைக்கு மட்டும் குறிப்பிட்ட நேர அமர்வுகளுக்கே சீட்டு தருவார்கள் என்பதால் அதை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் செல்வோருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: 9-ஆம் தேதி வெற்றி நாள் அணிவகுப்புக்காகவும் அதன் ஒத்திகைகளுக்காகவும் செஞ்சதுக்கத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள். அந்த வாரத்தில் மாஸ்கோவை முதலில் வைத்த திட்டங்கள் வீணாகின்றன.

தங்க வளையத்தை ஒரே நாளில் முடிக்க நினைப்பது

மாஸ்கோவுக்கு வடகிழக்கே வட்டமாக அமைந்த பழைய நகரங்களுக்குத் ‘தங்க வளையம்’ என்ற பெயர் 1967-இல் பத்திரிகையாளர் யூரி பிச்கோவ் எழுதிய கட்டுரைத் தொடரின் வழியே நிலைபெற்றது. செர்கியெவ் பசாத், பெரெஸ்லாவ்ல்-சலெஸ்கி, ரஸ்தோவ், யாரோஸ்லாவ்ல், கொஸ்த்ரோமா, இவானோவோ, சுஸ்தால், விளாதிமிர் என்னும் எட்டும் அதன் முதன்மை நகரங்கள். இவற்றுள் விளாதிமிரையும் சுஸ்தாலையும் மாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று விற்கப்படும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. விளாதிமிர் மாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 190 கி.மீ. கிழக்கே உள்ளது, சுஸ்தால் அங்கிருந்து மேலும் 30 கி.மீ.க்கு அப்பால். கோடைக்கால வெள்ளி மாலையில் மாஸ்கோவாசிகள் ‘தாச்சா’ எனப்படும் தங்கள் புறநகர் ஓய்வு வீடுகளுக்குக் கிளம்புவதாலும், ஞாயிறு மாலையில் திரும்புவதாலும் அந்தச் சாலையில் வாகனங்கள் ஊர்ந்தே செல்லும். காலையில் ஏறிய பேருந்திலேயே பகலின் பாதி கழிந்துவிடுகிறது.

அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது எப்போதும் நெர்ல் ஆற்றங்கரைத் தேவாலயம். 1165-இல் இளவரசர் அந்திரேய் பொகோல்யூப்ஸ்கி காலத்தில் வெண்கல்லால் எழுப்பப்பட்ட அந்தச் சிறிய கட்டடத்துக்கு, விளாதிமிரை அடுத்த பொகோல்யூபவோ என்னும் ஊரிலிருந்து புல்வெளியின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடந்துதான் செல்ல வேண்டும். அரை மணி நேரம் மிச்சப்படுத்த நினைக்கும் எந்த வழிகாட்டியும் அதைக் கைவிட்டுவிடுவார். விளாதிமிரிலும் இதே நிலைதான். 1238 பிப்ரவரியில் மங்கோலியர் கைப்பற்றித் தீயிட்ட நகரம் அது. அந்த அழிவையும் தாண்டி நின்ற விண்ணேற்பு பேராலயத்தின் உட்சுவர்களில் 1408-இல் ரஷ்யாவின் புகழ்பெற்ற சமய ஓவியர் அந்திரேய் ரூப்ளேவும் தனீல் சோர்னியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியங்கள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. வெளியே பத்து நிமிடம் நின்று ஐந்து குவிமாடங்களைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் குழுவுக்கு, உள்ளே ரூப்ளேவின் கைவண்ணம் இருந்ததே தெரியாமல் போகிறது. அருகிலுள்ள திமீத்ரி பேராலயத்தின் வெளிச்சுவர் முழுவதும் செதுக்கப்பட்டுள்ள சிங்கங்களையும் பறவைகளையும் அரசர் தாவீதின் உருவத்தையும் வரிசை வரிசையாகப் பார்க்கவும் நேரம் வேண்டும்.

ஆகவே விளாதிமிருக்கு விரைவு ரயிலில் சென்று, பகலை அங்கே கழித்து, இரவைச் சுஸ்தாலில் கழிப்பதே சரியான முறை. சுஸ்தாலுக்கு ரயில் பாதையே கிடையாது. அதனாலேயே அது பெரிய ஆலை நகரமாக மாறாமல் தப்பியது. ஒருநாள் பேருந்துகள் எல்லாம் மாலைக்குள் கிளம்பிவிடும் என்பதால், அங்கே தங்குபவருக்கு மாலையிலும் அதிகாலையிலும் கூட்டமில்லாத கிரெம்ளினும் (அவ்வூரின் பழைய கோட்டை), கமேன்கா ஆற்றின் இரு கரையிலும் உள்ள மடங்களும் கிடைக்கும். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள செர்கியெவ் பசாத்துக்கு மட்டும் சென்று, 1337-இல் புனித செர்கியுஸ் நிறுவிய திரித்துவ மடத்தை நிதானமாகப் பாருங்கள்.

நம் ஊர் வங்கி அட்டையை நம்புவது

வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் செல்லாது. ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள்.

வழிபாடு நடக்கும் இடம் என்பதை மறப்பது

பல பேராலயங்கள் அருங்காட்சியகமாகவும் வழிபாட்டுத் தலமாகவும் ஒருசேர இயங்குகின்றன. பெண்கள் தலையை மூட வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அரைக்கால் சட்டையுடன் சென்றால் வாயிலில் நிறுத்திவிடுவார்கள். வழிபாடு நடக்கும்போது வழிகாட்டி உள்ளே விளக்கம் சொல்லக் கூடாது. ஆகவே வெளியிலேயே முழு விளக்கத்தையும் கேட்டுக்கொண்டு, உள்ளே பேசாமல் பார்ப்பது நல்லது. உட்கார இருக்கை இருக்காது என்பதை முதியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சைவ உணவைப் பெயரளவில் கேட்பது

இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், மாட்டிறைச்சிச் சாற்றில் கொதித்த போர்ஷ் சூப்பிலிருந்து துண்டுகளை எடுத்துவிட்டுப் பரிமாறுவார்கள். அவர்கள் மனத்தில் அது தவறன்று. சாறும் காய்கறியில்தான் செய்யப்பட்டதா என்று வழிகாட்டியின் மூலம் கேட்க வேண்டும். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் நோன்புக் காலங்களில் பல உணவகங்கள் தனியாக ஒரு நோன்பு உணவுப் பட்டியல் வைக்கின்றன. அதில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது என்பதால் சைவர்களுக்கு அதுவே மிகவும் பாதுகாப்பானது. சில நாள்களில் நோன்பிலும் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேவா ஆற்றின் பாலங்களை மறப்பது

கப்பல் போக்குவரத்து நடக்கும் மாதங்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பெரிய பாலங்கள் நள்ளிரவுக்குப் பின் தூக்கப்பட்டு விடியும் நேரத்தில்தான் இறங்கும். சுரங்க ரயிலும் அதற்குள் நின்றுவிடும். உங்கள் விடுதி வசீலியெவ்ஸ்கி தீவில் இருந்து, நீங்கள் எதிர்க்கரையில் கோடையில் இருள் முழுமையாகக் கவியாத வெண்ணிரவை ரசித்துக்கொண்டிருந்தால், பாலம் தூக்கும் நேரத்தை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் பகலைக் கணக்கில் கொள்ளாதது

அம்மாதத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பகல் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். வெளியே பார்க்க வேண்டியவற்றை நண்பகலை ஒட்டி வையுங்கள். அருங்காட்சியகங்களைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

ரயில் சீட்டில் பெயரைச் சுருக்குவது

மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையிலான ஏறக்குறைய 650 கி.மீ. தொலைவைச் சப்சான் ரயில் நான்கு மணி நேர அளவில் கடக்கிறது. சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற விடுவார்கள். தமிழர்களின் முன்னெழுத்து இங்கேதான் சிக்கலாகிறது. கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாக இருக்க, முகவர் அதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் பதிவு செய்துவிடுகிறார். சீட்டின் நகல் கைக்கு வந்த அன்றே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடியேற்ற அட்டையை விடுதி அறையில் விட்டுச் செல்வது

நாட்டுக்குள் நுழையும்போது தரப்படும் இந்தச் சீட்டைக் கடவுச்சீட்டோடு எப்போதும் சேர்த்தே வையுங்கள். நாட்டை விட்டு வெளியேறும்போது கேட்பார்கள்.