மழை பெய்தால் மீகாஸ்: ஸ்பெயின் மலைக் கிராமத்து ரவைச் சாப்பாட்டை வீட்டில் செய்வது எப்படி

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் அல்மெரியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக வறண்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. தாபெர்னாஸ் என்ற பாலைவனமே அதற்குள்தான் கிடக்கிறது. அங்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தால் வீடுகளில் ரவையை எடுத்து வைத்துவிடுவார்கள். மழை நாள் என்றால் மீகாஸ் நாள். வயலில் இறங்க முடியாத நாளில் வீட்டில் இருக்கும் மாவையும் எண்ணெயையும் பூண்டையும் வைத்து எல்லோரும் கூடிச் சாப்பிட்ட பழக்கம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் மழை தூறினால் ஊர்ப் பார்களில் குடிக்க வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னத் தட்டில் மீகாஸ் வரும்.

அல்மெரியாவுக்கு மேற்கே, சியரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் அல்புஹாரா கிராமங்கள் இருக்கின்றன. பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று ஒரு பள்ளத்தாக்கின் ஓரமாக ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போகும் வெள்ளை ஊர்கள். அங்கேயும் இதேதான் சாப்பாடு. ஸ்பெயின் மலைச் சாப்பாட்டைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் தேவையான சாமான் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது, தேவைப்படுவது பொறுமையான கை மட்டும்தான்.

மீகாஸ் என்றால் துணுக்குகள், உதிரிகள் என்று பொருள். அரகோன், எஸ்த்ரெமதூரா, லா மான்சா பக்கம் பழைய ரொட்டியைத் துணுக்காக்கிச் செய்வார்கள். இது ஆடு மேய்ப்பவர்களின் சாப்பாடு. கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் மந்தையை ஓட்டிப் போகிறவர்கள் பையில் வைத்திருந்த ரொட்டி காய்ந்து கல்லாகிவிடும், அதைத் தண்ணீர் தெளித்து மென்மையாக்கி ஆட்டுக் கொழுப்பிலோ எண்ணெயிலோ வதக்கினால் ஒரு வேளை கழிந்தது. அந்த மேய்ப்பர்களின் சங்கத்துக்கு மெஸ்தா என்று பெயர். 1273-இல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் அதற்கு உரிமைகள் கொடுத்தார், 1836 வரை அது இருந்தது. மந்தை நடந்த பாதைகள் இன்னும் நாடு முழுக்க இருக்கின்றன. அல்மெரியாவிலும் அல்புஹாராவிலும் ரொட்டிக்குப் பதில் ரவை. நாம் செய்யப் போவது அந்த ரவை மீகாஸ்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை (மூன்று பேருக்கு)

ரவை 300 கிராம், தண்ணீர் 350 மில்லி, ஆலிவ் எண்ணெய் 100 மில்லி, பூண்டு ஒரு முழுத் தலை, உப்பு ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான் மீகாஸ். கூடவே தொட்டுக்கொள்ள வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன்.

அங்கே டூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைப் பயன்படுத்துவார்கள், கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் பம்பாய் ரவையிலும் நன்றாகவே வருகிறது. மிக நைசான ரவை வேண்டாம், களியாகிவிடும். சம்பா ரவையும் வேண்டாம், இந்தத் தண்ணீரில் அது வேகாது.

தண்ணீர் அளவைப் பார்த்து "இது போதுமா?" என்று தோன்றும். உப்புமாவுக்கு ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை என்று ஊற்றிப் பழகிய கை நமக்கு. இங்கே கப்பால் அளந்தால் ரவையும் தண்ணீரும் கிட்டத்தட்ட சமம், தண்ணீர் ஒரு பிடி குறைவாகவே இருக்கட்டும். நான் முதல் தடவை உப்புமா நினைப்பில் கூடுதலாக ஊற்றிவிட்டேன், ஒரு மணி நேரம் கிளறியும் அது உதிரவே இல்லை. அளந்து ஊற்றுங்கள்.

பாத்திரம் அகலமான கனத்த இரும்பு வாணலியாக இருக்கட்டும். கரண்டிக்கு அங்கே ராசெரா என்று ஒரு தட்டையான இரும்புக் கரண்டி வைத்திருப்பார்கள். நம் தோசைத் திருப்பி அச்சு அசலாக அந்த வேலையைச் செய்யும். மரக்கரண்டி வேண்டாம், வெட்ட வராது.

படி 1: எண்ணெயும் பூண்டும்

பூண்டைத் தோலோடு பல் பல்லாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கத்தியால் ஒரு கீறு கீறுங்கள், இல்லையென்றால் எண்ணெயில் வெடிக்கும். எண்ணெய் காய்ந்ததும் நடுத்தரத் தீயில் போட்டு, தோல் பொன்னிறமாகி உள்ளே மெத்தென்று ஆனதும் எடுத்து ஒரு தட்டில் வையுங்கள். கருகவிட்டால் எண்ணெய் முழுக்கக் கசந்துவிடும், அப்புறம் அதை மாற்ற வழியில்லை.

அதே எண்ணெயில்தான் மற்றதையும் வதக்க வேண்டும். அங்கே பன்றி இறைச்சியில் சிவப்பு மிளகாய்த்தூள் சேர்த்துச் செய்யும் சொரிசோ, கொழுப்புள்ள பன்றித் துண்டு, நீளமான பச்சை மிளகாய், காய்ந்த சிவப்பு மிளகாய் எல்லாம் போகும். அந்த மிளகாய் எதுவும் காரமில்லை. நீங்கள் பஜ்ஜி மிளகாயை முழுசாகப் போட்டு வதக்கலாம், அதுவே போதும். இறைச்சி வேண்டாதவர்கள் விட்டுவிடலாம், எண்ணெயில் பூண்டின் வாசனை இருந்தால் மீகாஸ் மீகாஸ்தான். வதக்கியதையெல்லாம் எடுத்து ஓரமாக வையுங்கள், எண்ணெய் வாணலியிலேயே இருக்கட்டும்.

படி 2: தண்ணீரும் ரவையும்

அடுப்பைச் சின்னதாக்கி, தண்ணீரை ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். சூடான எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் தெறிக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். உப்பு போட்டு, தளதளவென்று கொதி வந்ததும் ரவை முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டுக் கிளறுங்கள். அரை நிமிடத்தில் தண்ணீர் எல்லாம் காணாமல் போய், ஒரு பெரிய கட்டியாக நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும்.

படி 3: வெட்டு, புரட்டு

மீகாஸின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

தீயைச் சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் வையுங்கள். தோசைத் திருப்பியின் விளிம்பால் அந்தக் கட்டியை நறுக்கு நறுக்கென்று வெட்டுங்கள், அடியில் இருப்பதைச் சுரண்டி மேலே புரட்டுங்கள், மறுபடி வெட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் பெரிய பெரிய கட்டியாகவே இருக்கும், கையும் வலிக்க ஆரம்பிக்கும், இது சரியாக வராது போலிருக்கிறதே என்று தோன்றும், தண்ணீரையோ எண்ணெயையோ இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா என்று கை போகும். எதையும் ஊற்றாதீர்கள். பத்து நிமிடத்தில் கட்டிகள் எலுமிச்சை அளவாகும், பதினைந்தில் சுண்டைக்காய் அளவு, அப்புறம் ஒரு கட்டத்தில் ஈரம் போய் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாகப் பிரிந்து வாணலியில் உருள ஆரம்பிக்கும். கரண்டி படும் சத்தமே மாறிவிடும். சேறு மாதிரி இருந்தது மணல் மாதிரி சரசரக்கும். அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்தக் கூடாது. இந்த அளவுக்கு மொத்தம் 25 முதல் 35 நிமிடம் ஆகும்.

அடிபிடித்தால் தீயைக் குறைத்துச் சுரண்டி விடுங்கள். அடியில் பிடித்து முறுகிய துணுக்குகள்தான் ருசியே, அவை எல்லாவற்றோடும் கலக்க வேண்டும். அங்கே மழை நாளில் வீட்டில் இருப்பவர்கள் மாறி மாறிக் கரண்டியைப் பிடிப்பார்கள், நீங்களும் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாயில் போட்டால் வெளியே லேசாக மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். பச்சை மாவு வாசனை இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் புரட்டுங்கள்.

படி 4: கூட வைப்பது

வதக்கி வைத்த பூண்டு, மிளகாய், இறைச்சி எல்லாம் மேலே. அல்மெரியாவின் கடலோரத்தில் பொரித்த மத்தி, நெத்திலி வைப்பார்கள், நமக்கு அது சொல்லவே வேண்டாம். அப்புறம் பச்சை முள்ளங்கி, ஆலிவ் காய். பழமும் உண்டு: திராட்சை, மாதுளை, முலாம்பழம், ஆரஞ்சு. எண்ணெயும் உப்புமாக இருக்கும் ஒரு வாய்க்கு நடுவே குளிர்ந்த திராட்சை வெடிக்கும்போதுதான் இது ஏன் வைத்தார்கள் என்று புரியும். பழத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாணலியை அப்படியே நடுவில் வைத்துச் சுற்றி நின்று சாப்பிடுவதுதான் மேய்ப்பர் வழக்கம். அதற்கு ஒரு விதி: ஒரு கரண்டி எடு, ஓர் அடி பின்னால் போ. அடுத்தவர் முன்னால் வந்து எடுக்க இடம் கிடைக்கும். ஒருவர் முண்டியடித்து அள்ள முடியாது.

அந்த ஊருக்கே போனால்

கிராமத்து உணவகத்தின் பெயர்ப்பலகையில் வெந்தா, மெசோன், பார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பகல் சாப்பாடு 2 மணியிலிருந்து 4 மணிக்குள், ராச்சாப்பாடு 9 மணிக்கு அப்புறம்தான். 12 மணிக்குப் பசியோடு போய் நின்றால் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள், 5 மணிக்குப் போனால் அணைத்திருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, பல இடங்களில் அது திங்கள்கிழமை.

"மெனு தெல் தியா" என்று கேளுங்கள். அன்றைய சாப்பாடு என்று பொருள். ஒரே விலையில் முதல் தட்டு, இரண்டாவது தட்டு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காபியோ. 15 யூரோவை ஒட்டி இருக்கும். பல ஊர்களில் அச்சடித்த அட்டை இருக்காது, வாயால்தான் சொல்வார்கள், புரியவில்லை என்றால் இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. பம்பனெய்ரா முதலிய ஊர்கள் இருக்கும் கிரனாடா மாகாணத்தில் குடிக்க ஒன்று வாங்கினாலே கூட ஒரு சின்னத் தட்டு காசில்லாமல் வரும்.

சைவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அங்கே "இறைச்சி வேண்டாம்" என்றால் பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹாமோனை அதில் சேர்க்காமல் நினைப்பவர்கள் நிறைய. அல்புஹாராவில் 1,476 மீட்டர் உயரத்தில் இருக்கும் த்ரெவேலெஸ் என்ற ஊரின் பிழைப்பே குளிர்ந்த மலைக்காற்றில் ஹாமோன் உலர்த்துவதுதான், எனவே சூப்பிலும் காய்கறியிலும்கூட அது விழும். "யேவா ஹாமோன்?" (இதில் ஹாமோன் இருக்கிறதா?) என்று தனியாகக் கேளுங்கள். உருளைக்கிழங்கு, குடைமிளகாய், வெங்காயத்தை எண்ணெயில் நிதானமாக வேகவைத்த "பாபாஸ் அ லோ போப்ரே", அதாவது ஏழை வீட்டு உருளைக்கிழங்கு, எல்லா இடத்திலும் கிடைக்கும், மேலே ஒரு பொரித்த முட்டையோடு வயிறு நிறைந்துவிடும்.

உள்ளே நுழையும்போது "புவேனாஸ்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போகும்போது "கே அப்ரொவேச்சே" என்பார்கள், சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்பது போல. நீங்களும் சொல்லுங்கள்.

மீகாஸ் மிச்சமானால் தூக்கிப் போட வேண்டாம். பூண்டையும் இறைச்சியையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வெறும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி, சூடான பாலில் போட்டுச் சாப்பிடுவார்கள். சர்க்கரை இல்லாமல்தான் எனக்குப் பிடித்தது.