‘நிஃபேரியஸ்’: ஒரு பொல்லாத சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பலர் ‘நிஃபேரியஸ்’ (nefarious) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘தீய’ என்று பொருள் உருப்போட்டு வைத்திருப்பார்கள். ஒத்த சொல் கேட்டால் தப்பிக்கலாம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். வேர் தெரிந்தால் இந்தச் சிக்கல் வராது.

சட்டைப்பை அகராதியை ஓரமாக வையுங்கள்; அதில் சொற்பிறப்பு இருக்காது. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ கல்லூரி நூலகத்துக்கோ போய்ப் பெரிய அகராதியாகக் கேளுங்கள். கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பிறப்பு கடைசியில் வரும். மெரியம்-வெப்ஸ்டரில் பொருளுக்கு முன்பே சதுர அடைப்புக்குள் இருக்கும். ‘எல்’ என்ற எழுத்து லத்தீனைக் குறிக்கும்.

இந்தச் சொல் 1600 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீன் ‘நெஃபாரியுஸ்’, அதற்கும் அடியில் ‘நெஃபாஸ்’. ‘நெ’ என்றால் அல்லாதது; ‘ஃபாஸ்’ என்றால் தெய்வ நெறிக்கு உகந்தது. மனிதர் வகுத்த சட்டத்துக்கு ரோமானியர் ‘யூஸ்’ என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். ‘ஜஸ்டிஸ்’ அந்த வழி வந்தது. ஆக, நெஃபாஸ் வெறும் சட்டமீறல் அல்ல, பாதகம். ரோம நாட்காட்டியில் இதன் முதலெழுத்தான ‘என்’ (N) குறித்த நாட்களில் நீதி அதிகாரி வழக்கு விசாரிக்கக் கூடாது. நம் தினசரிக் காலண்டரில் கரிநாள் போட்டிருப்பதைப் போலத்தான்.

அந்தக் கனம் இன்னும் போகவில்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு இந்தச் சொல்லைப் போட்டால் சிரிப்பார்கள். பிள்ளை கடத்தும் கும்பலின் திட்டத்துக்குப் போடலாம். ஆளைவிடச் செயலோடும் நோக்கத்தோடும்தான் அதிகம் சேரும்: ஆக்டிவிட்டீஸ், ஸ்கீம், பர்ப்பஸ். ‘நொட்டோரியஸ்’ வேறு. அதற்குக் கெட்ட பேர் ஊரறியப் பரவியிருக்க வேண்டும். நிஃபேரியஸ் செயல் கமுக்கமாக நடந்தாலும் நிஃபேரியஸ்தான்.

ஓசையை நம்பி வேர் பிரிப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘மல்டிஃபேரியஸ்’ என்றால் பலவகையான. அதில் பாவம் எதுவும் இல்லை. ‘ஈவில்’ பழைய ஆங்கிலச் சொல், ‘டெவில்’ கிரேக்க ‘டியாபொலோஸ்’ வழி வந்தது. இரண்டுக்கும் உறவு கிடையாது. நம் சினிமா ‘வில்லன்’கூட இழிவைக் குறிக்கும் ‘வைல்’ (vile) என்ற சொல்லின் பங்காளி அல்ல. ‘வில்லா’ என்ற பண்ணையில் உழைத்த ஆள்தான் முதலில் வில்லன். பண்ணையாளைக் கயவன் ஆக்கியது மேட்டுக்குடியின் இளக்காரம்.

உச்சரிக்கும்போது ‘ஃபே’யில் அழுத்துங்கள். ‘நெஃபாரியஸ்’ என்று நீட்டினால் அது லத்தீன் பக்கம் சாய்ந்துவிடும்.