காலை ஊன்றாமல் முருகைக்கல் பார்க்க

எங்கள் அம்மம்மா வீட்டுப் பழைய மதிலில் முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைக் கற்கள், இருக்கின்றன. தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக, சாம்பல் பூத்த கல். நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அங்கே வேலியே இந்தக் கல்தான். மிதந்தபடி முருகைக்கல் பார்க்கக் கடலுக்குப் போவதற்கு முதல் நாள் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அந்த மதிலடிக்குக் கூட்டிப்போய், ஒரு கண்ணை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். "இதுக்குள்ள ஒரு உயிர் இருந்தது. நாளைக்கு அதை உயிரோட பார்க்கப் போறம்." நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள். கல் என்று நினைத்து இறங்குகிற பிள்ளை கட்டாயம் அதில் ஏறி நிற்கும்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில், முருகைக்கற்பார், அதாவது கடலுக்கடியில் நீளும் முருகைக்கல் திட்டு, கரையை ஒட்டியே ஓடுகிறது. நாங்கள் போனது இன்பர்சிட்டிப் பக்கம். ஐப்பசி தொடக்கம் தை வரை இந்தக் கரையை மறந்துவிடுங்கள். வாடைக்காற்று நேரே முகத்தில் அடிக்கும், தண்ணீரும் கலங்கிக் கிடக்கும். பங்குனியும் சித்திரையும்தான் நல்ல காலம். அதற்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பும். அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறபடியால் கரையோரம் குளம் மாதிரி அசையாமல் இருக்கும். எனக்குப் பயம் அந்தக் கடலில்தான். குப்புற மிதந்து மீன் பார்க்கிற பிள்ளையைக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும், பிள்ளைக்கு அது தெரியாது. கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "பிள்ளை, கடலைப் பார்த்து நில்லு. காத்து முதுகிலை பட்டால் சின்னனுகளை இறக்காதை."

போனதும் இப்படி ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எங்கே வலை கிடக்கிறது, எங்கே வான் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வள்ளம் போய்வரப் பாரை வெட்டித் திறந்த வழியைத்தான் வான் என்கிறோம். பாருக்கு மேலால் உள்ளே வருகிற தண்ணீர் திரும்பிப் போவது அதனால்தான், ஆகவே அங்கே இழுவை இருக்கும். எஞ்சின் வள்ளங்களுக்கும் அதுதான் பாதை. நன்றாகத் தள்ளி நில்லுங்கள். வற்று நேரத்தில் பாரின் மேல் முழங்கால் உரசும். தண்ணீர் ஏறுகிற காலையாகப் பார்த்து, ஏழு மணிக்கு இறங்கிப் பத்துக்கு முதல் ஏறிவிடுங்கள்.

பழக்கம் எல்லாம் வீட்டில், கிணற்றடித் தொட்டியில். சுழியோடுகிற கண்ணாடியைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது அந்த முகத்துக்குச் சரி. மீசை உள்ளவர்களுக்குத் தண்ணீர் கசியும், மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் பூசினால் குறையும். மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தொட்டிக்குள் வைத்து, ஐம்பது வரை எண்ணும்வரை ஆறுதலாக மூச்சு விட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் "தூ" என்று ஒரே ஊதலில் வெளியே தள்ள வேண்டும். என் சின்னவளுக்கு இது பிடிபட நாலு நாள் எடுத்தது. அந்த நாலு நாளையும் கொடுங்கள். பிறகு காரைநகர் கசூரினாவில், கால் எட்டுகிற மணல் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு முறை மிதக்க விடுங்கள். தெளிந்தவர்கள் மட்டும் பாருக்கு வரட்டும்.

உடுப்பைப் பற்றிப் பெண்களுக்கு ஒன்று: சால் வேண்டாம், தொளதொளத்த சட்டையும் வேண்டாம். நீளக்கை ரீசேட்டும் லெகின்சும் போதும். வெயில் கிறீமில் உள்ள சில இரசாயனங்கள் முருகைக்கல்லுக்குக் கேடு, துணியால் மூடினால் அந்தக் கிறீம் பூசுவதும் குறையும். பெரியவர் ஒருவருக்கு ஒரு பிள்ளைதான் கணக்கு. இன்னொருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று தலைகளை எண்ண வேண்டும். எங்களுக்குத் தம்பி நின்றான்.

நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். மூத்தவனின் கண்ணாடிக்குள் தண்ணீர் போனதும் அவன் பதறி நிமிர்ந்து காலை ஊன்றினான். "கறக்" என்ற சத்தம் எனக்கே கேட்டது. கிளை கிளையாக நின்ற முருகைக்கல்லில் ஒரு சாண் முறிந்துபோனது. அவன் பாதத்திலும் கீறல். பதறினால் நிமிராதே, மல்லாக்கத் திரும்பு என்று தொட்டியடியில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளை மல்லாந்தால் தானாக மிதக்கும், கண்ணாடியை ஆறுதலாகக் கழற்றி ஊற்றலாம். கிளைவிட்ட வகை கொஞ்சம் கெதியாக வளரும். உருண்டையாக, மூளை மடிப்புப் போல இருப்பது வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. குடம் அளவு ஒன்றைக் கண்டால் அதன் வயதைப் பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு, அசையாமல் மிதந்து காதைக் கொடுங்கள். கிளிமீன் சொண்டால் பாரைச் சுரண்டித் தின்கிற "கறுக் கறுக்" சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். தின்ற கல்லை அது மணலாகக் கழிக்கும். சின்னவள் அதைக் கண்ணால் கண்டுவிட்டு, வாயில் குழாயோடேயே என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

எதையும் தொடக்கூடாது, எடுக்கவும் கூடாது. முருகைக்கல் உடைப்பது சட்டப்படியும் குற்றம். கறுத்த நீள முள்ளோடு பொந்துக்குள் இருக்கும் கடல் முள்ளெலி, கல்லோடு கல்லாகக் கிடக்கிற நச்சு மீன், மணலுக்குள் புதைந்த திருக்கை, இந்த மூன்றுக்கும் கைகால் எட்டாத தூரம் வேண்டும். பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் மட்டும் கொண்டு போகாமல், இன்னொன்றில் சுடுதண்ணீரும் கொண்டு போங்கள். மீன் முள் குத்தினால், பெரியவர் ஒருவர் தன் கையை விட்டுப் பார்த்துப் பொறுக்கிற சூட்டில் அந்த இடத்தை அமிழ்த்தி வைக்க வலி இறங்கும். அதோடு விடாமல் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

காலையில் இரண்டு இடியப்பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏறிய பிறகு பருத்தித்துறைத் தட்டை வடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய விடுங்கள். முருகைக்கல் கீறிய காயத்தைச் சின்னது என்று விடக்கூடாது, உள்ளே துகள் நின்று சீழ் பிடிக்கும். சவர்க்காரம் போட்டு, மெல்லிய புது பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மூத்தவன் கத்தினான், நான் விடவில்லை.