கற்றல் குறைபாடுள்ள பத்தாம் வகுப்பு மாணவர்கள்: நம் கிறிஸ்தவப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு பேப்பர் கைக்கு வந்த பிறகு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு) பரிசோதனைக்கு ஓடினால் காலம் போதாது. மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசு மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். தனியார் உளவியலாளரின் அறிக்கை மட்டும் இருந்தால் போதாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

ல, ள, ழ தடுமாற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அது ராயபுரத்தில் பாதி வகுப்புக்கு உண்டு. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, துணைக்கால் விட்டுப்போய் 'கோ' 'கே' ஆவது, வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிட்டுத் தாளை வெறுமையாக விடுவது: இவை சேர்ந்தே வந்தால் கவனிக்க வேண்டும்.

இம்போசிஷன் வேண்டாம். முதல் வரியில் தவறிய எழுத்து பத்து வரிக்கும் இறங்கும், தப்பைத்தான் பழக்குகிறோம்.

காலை அசெம்பிளியில் 'இன்னைக்கு நீ பைபிள் வாசி' என்று திடீரென்று மேடையேற்றுவது கொடுமை. நான்கு வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இரண்டு நாள் முன்பே கொடுங்கள். மனன வசனத்துக்கு எழுத்துத் தேர்வு எதற்கு? வாயால் ஒப்பித்தால் மார்க் போடலாம். 'ஜெபம் பண்ணுங்கம்மா, கர்த்தர் பாத்துப்பார்' என்று அம்மாவைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. ஜெபம் நடக்கட்டும், மருத்துவமனைக்கு எந்த நாள் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

பெரிய சறுக்கல் ஸ்க்ரைப், அதாவது சொல்வதை எழுதும் ஆள் விஷயத்தில்தான். சலுகை கிடைத்துவிடும், ஆனால் சொல்லி எழுதவைப்பது பையனுக்குப் பொதுத்தேர்வு அன்றுதான் முதல் அனுபவமாக இருக்கும். கணக்கில் 'அடைப்புக்குறி திற, எக்ஸ் பிளஸ் டூ, மூடு, முழுசுக்கும் ஸ்கொயர்' என்று அடி அடியாகச் சொல்லத் தெரிய வேண்டும். பின்னத்தில் எது மேலே, எது கீழே என்று சொல்லாவிட்டால் விடையே மாறிவிடும். காலாண்டிலிருந்தே பழக்குங்கள். தேர்வின் முதல் 10 நிமிடம் கேள்வித்தாள் வாசிக்கத்தான். அப்போது 'இன்னொரு தடவை வாசிங்க மிஸ்' என்று கூச்சமில்லாமல் கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். பழக்கும் ஆசிரியர் பிழையைத் தானே திருத்தி எழுதிவிட்டால் அது பயிற்சியே இல்லை.

மொழி விலக்கில் அவசரம் வேண்டாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. எந்த மொழியை விடுவது என்று பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசிய பிறகே படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.