டிவி ரிமோட்டை ஆர்டுயினோவுடன் பேச வைப்பது: மூன்று கால்களில் எது எது?

பயன்படாமல் கிடந்த ஒரு டிவி ரிமோட்டைக் கொண்டு மேசை விளக்கை இயக்க முயன்றபோது, இரண்டு நாள்களையும், ரிமோட்டின் ஒளியை வாங்கும் மூன்று கால் உறுப்பான ஓர் அகச்சிவப்பு ரிசீவரையும் இழந்தேன். ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் நிரல் ஏற்றத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்த ரிசீவர் என்று பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பவை டிஎஸ்ஓபி1738, விஎஸ்1838பி ஆகியவை. இரண்டும் 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியையே ஏற்பவை. ஆனால் கால்களின் வரிசை வேறு. குமிழ்ப் பக்கம் நம்மை நோக்கியிருக்க, இடமிருந்து வலமாக, டிஎஸ்ஓபி1738-இல் கிரவுண்டு, 5 வோல்ட், அவுட்புட் என்று வரும்; விஎஸ்1838பி-யிலோ அவுட்புட், கிரவுண்டு, 5 வோல்ட் என்று வரும். முன்னதற்கான வரைபடத்தைப் பார்த்து நான் பின்னதைப் பொருத்தியதால், கிரவுண்டுக் காலில் 5 வோல்ட் ஏறி, விரல் வைக்க முடியாத அளவுக்கு அது சுட்டது. தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் உடனே யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களை நம்பாமல், அந்த எண்ணுக்குரிய டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளரின் விவரத்தாளைத் திறந்து பார்ப்பதே என் வழக்கம்.

அடுத்து, அவுட்புட் காலை ஊனோவின் 2-ஆம் பின்னில் இணையுங்கள். 5 வோல்ட் வழியில் 100 ஓம் மின்தடை ஒன்றையும், ரிசீவரின் கால்களுக்கு அருகிலேயே 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் நான் எப்போதும் வைப்பேன். அருகில் மோட்டாரோ ரிலேயோ இருந்தால் இவை இல்லாமல் பொய்ச் சமிக்ஞைகள் வரக்கூடும்.

நிரலுக்குப் போகுமுன் மல்டிமீட்டரை அவுட்புட்டில் வையுங்கள். சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 5 வோல்ட் காட்டும். ரிமோட் பொத்தானை அழுத்தியதும் அளவு சற்று இறங்கி ஆடும். சமிக்ஞை வரும்போது அவுட்புட் கீழே இறங்குவதுதான் இந்த ரிசீவரின் இயல்பு. எந்த அசைவும் இல்லையென்றால், ரிமோட்டின் எல்இடியைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். வெளிர் ஊதாவாக மின்னினால் ரிமோட் நலமாக இருக்கிறது.

இனி ரிமோட் குறியீடுகளைப் படிக்கும் ஐஆர்ரிமோட் என்ற நிரல் நூலகத்தை நிறுவி, ரிசீவ்டெமோ எடுத்துக்காட்டை ஏற்றி, சீரியல் மானிட்டரை 115200-இல் திறக்கலாம். 3-ஆம் பதிப்பில் கட்டளைகள் மாறிவிட்டதால், பழைய பாடங்களின் நிரல் வரிகளைப் புதிய நூலகத்தில் ஒட்டாதீர்கள். சொந்தமாக எழுதும்போது, ஒவ்வொரு குறியீட்டையும் படித்து முடித்ததும் ரெஸ்யூம் கட்டளையை அழைக்க மறந்தால், முதல் பொத்தானோடு எல்லாம் நின்றுவிடும். என்இசி என்னும் குறியீட்டு முறையைப் பயன்படுத்தும் ரிமோட்டில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் அதே குறியீடு மீண்டும் வராது, 'மறுபடியும்' என்று பொருள்படும் குறுஞ்சமிக்ஞைதான் வரும். ஒலி அளவைக் கூட்டுவது போன்ற வேலைகளில் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பின்சேர்க்கை: கதவருகே ஆள் கடப்பதை அறிய, எல்இடியை 38 கிலோஹெர்ட்ஸில் இடைவிடாமல் எரியவிட்டால் ரிசீவர் சில நொடிகளில் ஊமையாகிவிடுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது பழுதன்று. தொடர்ந்து வரும் ஒளியை இரைச்சல் என்று கருதி, ரிசீவரே தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. ஒளியைச் சிறு துடிப்புகளாக, இடைவெளி விட்டு அனுப்புங்கள். அல்லது இத்தகைய வேலைக்கென்றே உள்ள டிஎஸ்எஸ்பி4038-ஐ வாங்குங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதன் கால் வரிசையையும் டேட்டாஷீட்டில் பார்த்த பிறகே பொருத்துங்கள்.