ஏற்காட்டுக்கு முதல் தடவ சைக்கிள்ல போறீங்களா? இறங்குறத கத்துக்கிட்டு ஏறுங்க

தெரிஞ்ச பையன் ஒருத்தனோட டயாலிசிஸ் செலவுக்காக நாங்க பதினாலு பேர் சேலம் அஸ்தம்பட்டில இருந்து ஏற்காடு ஏரி வரைக்கும் சைக்கிள் மிதிச்சுட்டு வந்தோம். அடுத்த ரைடுக்கு புதுசா நிறைய பேர் வர்றேன்னு சொல்றதால இத எழுதுறேன்.

முதல்ல காசு விஷயம். "ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு பத்து ரூபா"ன்னு கேளுங்க, மொத்தம் 20 வளைவு, எரநூறு ரூபா, குடுக்குறவங்களுக்கு கணக்கு சுலபமா புரியும். உங்க ஜிபேல வாங்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி பில்லுக்கோ ட்ரஸ்ட் அக்கவுண்டுக்கோ போகட்டும். யாராச்சும் 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வாங்குற ரசீது) கேட்டா, அந்த ட்ரஸ்டுக்கு 80ஜி இருக்கான்னு பாருங்க, 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிச் சலுகை கிடையாதுன்னும் முன்னாடியே சொல்லிடுங்க.

ஏறுறதப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சேலம் 280 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர் பக்கம். முன்னாடி மூணு பல்சக்கரம் இருக்குற சாதா ஹைப்ரிட் போதும், காஸ்ட்லி ரோடு பைக்க விட இந்த மலைக்கு அதுதான் எனக்குப் புடிக்கும். வளைவுக்கு பத்து அடி முன்னாடியே லேசான கியருக்கு மாத்திடுங்க, வளைவுக்குள்ள போய் மாத்துனா செயின் கழண்டுக்கும். வளைவுல பஸ்ஸு வந்தா எறங்கி ஓரமா நில்லுங்க, அதுக்கு முழு ரோடும் வேணும். வாழைப்பழத்த வெளிய தெரியிற மாதிரி வைக்காதீங்க, குரங்கு வந்துரும்.

இப்ப இறங்குறது. என் மொத தடவ மேல இருந்தே பயந்துகிட்டு பிரேக்க லேசா புடிச்சபடியே வந்தேன், பாதி மலை தாண்டுனதும் முன் சக்கரத்துல டப்புன்னு ட்யூப் வெடிச்சுது, நல்லவேளை மெதுவா வந்ததால விழல, ரிம்ம (பிரேக் கட்டை உரசுற சக்கர வளையம்) தொட்டுப் பாத்தா வெரல் பொசுங்கிருச்சு. ஏன்னு அப்புறம்தான் கணக்கு போட்டேன். ஆளும் வண்டியும் சேந்து 90 கிலோன்னா, ஆயிரம் மீட்டர் இறங்குறதுல வர்ற சக்தி ரெண்டரை லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கப் போதும். வேகமா போனா அதுல பெரும்பங்க காத்து வாங்கிக்கும், மெதுவா பிரேக் புடிச்சே வந்தா கிட்டத்தட்ட மொத்தமும் சூடா ரிம்முலதான் எறங்குது.

அதனால இப்படி பண்ணுங்க. நேர் ரோட்டுல வண்டி நிமிந்து இருக்கும்போதே, வளைவு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேத்து ரெண்டு மூணு செகண்டு நல்லா அழுத்துங்க, அப்புறம் முழுசா விட்டுடுங்க, ரிம்முக்கு காத்து படணும். திரும்ப அழுத்துங்க, திரும்ப விடுங்க. வளைவுக்குள்ள நுழையறப்ப வேகம் ஏற்கனவே கொறஞ்சிருக்கணும், உள்ள போய் பிரேக்க இறுக்குனா சக்கரம் வழுக்கும். வளைவோட வெளிப்பக்கத்து பெடல் கீழ, உங்க வெயிட்டு அதுமேல. கண்ணு பள்ளத்தப் பாக்கக் கூடாது, வளைவு முடியிற எடத்தப் பாக்கணும், கண்ணு போற பக்கம்தான் வண்டியும் போகும். எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, மலைப் பாதையில சட்டமே அதான். அஞ்சு வளைவுக்கு ஒருக்கா நின்னு ஆற விடுங்க, குரூப்ல எல்லாரும் முன்னாடி போனாலும் பரவால்ல, நின்னே ஆகணும்.

சட்டைக்குள்ள நெஞ்சுப் பக்கம் ஒரு பேப்பர மடிச்சு வெச்சுக்கங்க, குளிர் காத்த தடுக்கும், விடிகாலைல ஒடம்பு குளிர்ந்து வெரல் மரத்துப் போனா பிரேக்க புடிக்கவே முடியாது. டயருக்கு காத்தடிக்கிற கார்பன் டை ஆக்சைடு குப்பிய விட சின்ன கைபம்பு தான் என் சாய்ஸ், குப்பி ஒரு தடவயோட தீந்துரும்.

பின்சேர்க்கை: "அக்கா, என்னுது டிஸ்க் பிரேக், எனக்கும் இதே தானா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. ட்யூப் வெடிக்காது தம்பி, ஆனா பிரேக் பேட் ரொம்ப சூடானா பிடிப்பு கொறையும், அதனால அழுத்தி விடற முறை உங்களுக்கும் அதேதான். சூடா இருக்குற டிஸ்க்குல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, வளைஞ்சு போயிடும்.

இன்னொருத்தங்க வண்டி பஞ்சராகி, அடிவாரத்துல இருந்த பஞ்சர் கடைல காத்து புடிக்க முடியலன்னு சொன்னாங்க. ஒல்லியான பிரஸ்டா வால்வு இருந்தா கடை பம்பு அதுல உக்காராது, அதுக்குன்னு சின்ன பித்தளை அடாப்டர் கெடைக்கும், வாங்கி வால்வுலயே மாட்டி வெச்சிடுங்க.

மழையோ பனி மூட்டமோ இருந்தா ரிம் பிரேக்கு மொத ரெண்டு சுத்துக்கு புடிக்கவே புடிக்காது, தண்ணிய தொடச்ச பிறகுதான் புடிக்கும், அதனால வழக்கத்த விட ரொம்ப முன்னாடியே அழுத்த ஆரம்பிங்க, பின்னாடி செவப்பு லைட்ட பகல்லயும் போட்டு வைங்க.